வாவா வரவில்லை

பரஹோனா, தொமினிக்கன் குடியரசு
7 அக்டோபர் 2012

அன்புள்ள ஹெர்மானியா அக்காவுக்கு,

மலைக் குளிர் ஆரம்பித்திருக்குமே, உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? செகுந்தோ அத்தான் சுகமா? இங்கே நாங்கள் நாலு பேரும் நலம். கடல்தான் ஓயாமல் வீட்டுக்குள் உப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டவள் நீ. சட்டம் போட்டவளே பதில் போடாவிட்டால் எப்படி?

ஒரு சந்தோஷ சமாசாரம். ஜூன் மாதம் எங்கள் ஊரில் பிள்ளைகளின் கவிதை விழா நடக்கப்போகிறது. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கவிதைகளைச் சத்தமாகப் படித்துப் பழகுகிறார்கள். அதோடு ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு குட்டிப் படம் எடுக்கிறார்கள். என் போனில்தான். இயக்குநர், நடிகர், ஒலிப்பதிவு எல்லாம் அவர்களே. போன வாரம் மழைச் சத்தம் வேண்டுமென்று ஒருத்தன் சட்டியில் வாழைக்காய் வறுத்தான். நிஜ மழையைவிட நன்றாகவே பெய்தது. கேமரா நம் பெரியவள் யஹைராவிடம். பதினொரு வயதில் என்ன அதிகாரம் பண்ணுகிறாள் தெரியுமா? "தலையை ஆட்டாதீங்கடா! நீங்க என்ன வாத்தா?" என்று எல்லோரையும் விரட்டுகிறாள்.

உன்னிடம் ஒரு வேண்டுதல். வெளியூர்ப் பிள்ளை எழுதிய கவிதை ஒன்றாவது வேண்டும் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். கவிதை சொல்லித் தருவதில் புஹிலி வட்டாரத்திலேயே உன்னை மிஞ்ச ஆளில்லை. உன் வகுப்பிலிருந்து ஒன்று அனுப்பேன்.

சின்னவள் யொகாஸ்தா உனக்கு முத்தம் அனுப்புகிறாள். அத்தானுக்கு எங்கள் வணக்கம்.

உன் தங்கை
மிரெயா


புஹிலி, ஈக்வடார்
4 நவம்பர் 2012

மிரெயாவுக்கு,

மூட்டுவலி அதன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில் இருக்கிறேன். செகுந்தோ சுகம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சமாசாரத்துக்காக. அடுத்த தடவை, எந்த வரியிலாவது 'என் பிள்ளைகள்' என்று எழுதாமல் விட்டிருக்கிறாயா என்று பார்க்க. வகுப்புப் பிள்ளைகளும் உன் பிள்ளைகள், வீட்டுப் பிள்ளைகளும் உன் பிள்ளைகள். கொடுத்துவைத்தவள்தான்.

படம் எடுப்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கவிதை சொல்கிற பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும். கண்ணும் கையும் குரலும் ஒன்றாகப் போக வேண்டும். அதற்கு ஒரு வருஷம் உயிரை விட்டுச் சொல்லித் தர வேண்டும். போனை நீட்டினால் குரங்குகூடப் பல்லைக் காட்டும். ஆனால் ஊர் கைதட்டுவது அதற்குத்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். ஊதாக் கஞ்சி காய்ச்சி, ரொட்டி வாவாக்கள் சுட்டு எடுத்துப் போனோம். இந்த வருஷம் மாவு நன்றாகப் பிடித்தது. துணியில் சுற்றிய கைப்பிள்ளை மாதிரியே முகமெல்லாம் வந்தது. அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று வைத்தேன். கூட ஒரு சின்ன வாவாவும் சுட்டிருந்தேன். எதற்கு என்று செகுந்தோ கேட்கவில்லை.

நீ கேட்ட கவிதை இதோ. என் வகுப்பில் சிசா என்று ஒருத்தி. உன் யஹைரா வயதுதான். அவள் எழுதியது.

வாவா வரவில்லை.
புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தேன்,
ஜன்னலோர இடத்தைத் துடைத்து வைத்திருந்தேன்.
மழைக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள்.
மழை வந்தது, நின்றது.
எல்லோரும் சொன்னார்கள்:
இதற்கா அழுகிறாய், இன்னொன்று வரும்.
நான் காத்திருந்தது
இன்னொன்றுக்காக அல்ல.

பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ஆசிகளுடன்
ஹெர்மானியா


பரஹோனா
9 டிசம்பர் 2012

அன்பு அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கிறிஸ்துமஸ் களை கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக்கு இப்போதே பெயர் வைத்துவிட்டார். இனி அதை எப்படி வெட்டுவார் என்று தெரியவில்லை.

திருப்பி அனுப்புவதா? பைத்தியமா உனக்கு! கவிதையை வகுப்பில் படித்துக் காட்டினேன். சந்தைக் கடையே என் வகுப்பு, அது கப்சிப் என்று ஆகிவிட்டது. பிறகு டார்லின் என்ற பெண் எழுந்தாள். "டீச்சர், இது எங்க வீட்டுக் கதை. எங்கம்மா இப்படித்தான் காத்துக்கிட்டுக் காத்துக்கிட்டு அழும்," என்றாள். உடனே ஆளுக்கு ஆள் "எங்கம்மாவும்", "எங்க சித்தியும்" என்று கையைத் தூக்கினார்கள். விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தக் கவிதைக்கும் இப்படி நடந்ததில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுது அக்கா. என்ன சாப்பிடுவாள், எப்படிச் சிரிப்பாள், எல்லாம் வேண்டுமாம் என் கூட்டத்துக்கு. யஹைரா மட்டும், "அவ ஒண்ணும் அவ்வளவு பிரமாதமா எழுதல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இன்னொருத்தியைப் புகழ்வது பொறுக்கவில்லை. உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாளோ என்னவோ.

முத்தங்களுடன்
மிரெயா


புஹிலி
12 ஜனவரி 2013

அன்பு மிரெயா,

உன் கடிதம் புத்தாண்டோடு வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் என் வாழ்த்து. எனக்கு இந்த மாதம் வலி தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அந்த டார்லின் பெண்ணின் அம்மாவிடம் என் அன்பைச் சொல். முகம் தெரியாதவள், ஆனாலும் சொல்.

சிசாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒல்லி. காது கொஞ்சம் எடுப்பு. அவள் அப்பா பக்கத்துக் காது அது. கீனுவாக் கஞ்சி வைத்தால் கரண்டியால் கோலம் போடுவாளே ஒழிய ஒரு வாய் இறங்காது. தலை பின்னும்போது ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாள். எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். "மேகம் நம்ம மலையில வந்து தூங்கிட்டா மத்த ஊருக்கு யார் மழை கொடுப்பா?" என்று கேட்பாள். 'ர' அவளுக்கு இன்னும் சரியாக வருவதில்லை. நான் திருத்துவதில்லை. மற்றப் பிள்ளைகளைப் பிரம்பெடுத்துத் திருத்துகிற நான் இவளை விட்டுவிடுகிறேன். குதிரை என்றால் பயம். ஆனால் பயம் என்று சொல்ல மாட்டாள், "அது என்னை ஒரு மாதிரி பாக்குது" என்பாள்.

எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. செகுந்தோ விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

படத்தை எடுத்ததும் அனுப்பு. பள்ளிக் கணினியில் போட்டுப் பார்க்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா
ஹெர்மானியா


பரஹோனா
17 பிப்ரவரி 2013

அக்கா,

சுகம்தானே? இங்கே எனக்கு ஜலதோஷம், மற்றபடி குறையில்லை.

முதலில் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கஞ்சி பிடிக்காது என்பதுவரை உனக்குத் தெரிகிறது. யஹைராவுக்கு என்ன பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கிறாயா? அவள் பிறந்தபோது ஒரு வருஷம் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கேட்டதற்கு 'காய்ச்சலில் கிடந்தேன்' என்றாய். நானும் நம்பினேன். யாரோ ஒரு சிசாவின் காதைப் பற்றி நீ இவ்வளவு உருகுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்றுதான் சொல்லுவேன்.

போகட்டும். படம் இந்த உறையில் இருக்கும் பென் டிரைவில் இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல், எப்படி என்று. டார்லின் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். வாவா வராது. கோழிக்காரர் ஏறிப்போவார், கல்யாணக் கும்பல் போகும், இவளுக்கான வாவா மட்டும் வராது. மழை பெய்யும். ஊரே கூடி, "இதுக்கா அழுவுற, இன்னொண்ணு வரும்!" என்று கத்தும். இன்னொன்று வரும், ஆனால் வேறு ஊர்ப் பலகை மாட்டிக்கொண்டு! உடனே டார்லின் காலை உதைத்து, கேமராவைப் பார்த்துக் கடைசி வரியைச் சொல்லுவாள். பள்ளியில் போட்டுக் காட்டினோம், தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் தன் வாவாவை ஒரு நாள் முழுக்கச் சும்மா கொடுத்தார். ஜன்னலோர இருக்கையைத் துடைக்கிற காட்சிக்கு மட்டும் மூன்று பேருக்குள் அடிதடி.

உங்கள் மலையில் பஸ்ஸை பஸ் என்றுதானே சொல்வீர்கள். எங்களுக்காக எங்கள் வார்த்தையையே போட்டு எழுதியிருக்கிறாளே உன் சிசா! கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

மிரெயா


புஹிலி
15 மார்ச் 2013

மிரெயா,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். அதை எங்கேயும் காட்டாதே.

வாவா என்றால் பிள்ளை. கைப்பிள்ளை. நீ அந்தத் தீவுக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் உனக்கும் அது தெரிந்திருந்தது. அம்மா உன்னை அப்படித்தான் கூப்பிட்டாள். அதே கடிதத்தில், அந்தக் கவிதைக்கு மேலேயே, ரொட்டி வாவா சுட்டேன் என்று எழுதியிருந்தேன். அதையும் பஸ் வடிவத்தில் சுட்டேன் என்று நினைத்துக்கொண்டாயா?

பிறக்காமல் போன ஒரு பிள்ளையைப் பற்றிய கவிதை அது. அதில் கோழிக்காரரை ஏற்றி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாய். உனக்கென்ன, உனக்கு இரண்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன.

ஹெர்மானியா


பரஹோனா
7 ஏப்ரல் 2013

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிறேன், கோபத்தோடுதான்.

தப்பு என்னுடையது. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை 'வாவா வந்துடுச்சா, வாவா போயிடுச்சா' என்று பஸ்ஸைக் கேட்டுக் கேட்டு, என் வாயில் அந்த வார்த்தைக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. படித்தபோது வேறு அர்த்தம் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் உன் கடைசி வரிக்கு மன்னிப்பு நீ கேட்க வேண்டும். என் பிள்ளைகள் நேரத்துக்கு வந்தது உனக்குச் செய்த குற்றமா? உனக்குப் பொறாமை அக்கா. என் கடல் மேல், என் வகுப்பு மேல், என் பெண்கள் மேல். பிள்ளையில்லாத துக்கம் எனக்குப் புரியாது என்றே வைத்துக்கொள். புரியும்படி நீ ஒரு நாளாவது வாய் திறந்தாயா?

வகுப்பில் உண்மையைச் சொன்னேன். "எங்க மலைப்பக்கம் வாவான்னா பஸ் இல்ல, பாப்பா," என்றேன். வாழைக்காய் வறுத்து மழை பெய்ய வைத்தவன் முதலில் கேட்டான்: "அப்ப அந்தப் பாப்பா வரவே இல்லையா டீச்சர்?" இல்லை என்றேன். டார்லின் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். "நான் காலை உதைச்சேனே டீச்சர்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே பேசி முடிவு செய்தார்கள். படம் வேண்டாம். டார்லின் மேடையில் நின்று கவிதையை வெறுமனே படிப்பாள். நீ சொல்லித் தருகிற மாதிரி, நிமிர்ந்து நின்று.

ஒரு விஷயம். விழாவில் ஒவ்வொரு கவிதை முடிந்ததும் எழுதிய பிள்ளையை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வர முடியாத பிள்ளைக்கும் கூப்பிடுவது உண்டு. பெயர் அச்சாக வேண்டும். சிசாவின் முழுப் பெயரை எழுது. எழுதாவிட்டால், நீ வேண்டாம் என்கிறாய் என்று எடுத்துக்கொண்டு கவிதையை விட்டுவிடுகிறேன்.

மிரெயா


புஹிலி
1 மே 2013

அன்பு மிரெயா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆமாம், பொறாமைதான். உன் கடல் மேல் இல்லை, அதை நீயே வைத்துக்கொள். உன் யஹைராவுக்கு முதல் பல் முளைத்த போட்டோ அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் பள்ளிக்குப் போன முதல் நாள் போட்டோவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஒவ்வொன்றையும் பெட்டியில் போட்டு மூடினேன், கிழிக்கவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாய். அதனால்தான் கேட்கவில்லை.

அந்தக் கடைசி வரிக்கு மன்னித்துக்கொள்.

டார்லின் படிக்கட்டும். 'இன்னொன்று வரும்' என்ற இடத்தில் குரலை உயர்த்த வேண்டாம் என்று சொல். அதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்கள்.

நீ கேட்ட முழுப் பெயர்:

சிசா தொவாகிசா அல்பான்.

எழுத்துப் பிழை இல்லாமல் அச்சடிக்கச் சொல்.

உன் அக்கா
ஹெர்மானியா


பரஹோனா
26 மே 2013

அக்கா,

பெயரைப் பார்த்தேன். முதலில் செகுந்தோ அத்தானின் குடும்பப் பெயர். பின்னால் நம் குடும்பப் பெயர். அப்பா வழி முன்னால், அம்மா வழி பின்னால். உலகத்தில் எத்தனை தொவாகிசா வேண்டுமானாலும் இருக்கட்டும், அத்தனை அல்பானும் இருக்கட்டும். இந்த வரிசையில் இரண்டையும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க உன் ஒருத்தியால்தான் முடியும்.

அந்த வருஷத்தைப் பற்றி நீ சொன்னது காய்ச்சல் என்று. யஹைரா என் வயிற்றில் இருந்தாள். எனக்குச் சொன்னால் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? கல்லறைக்கு எடுத்துப்போன அந்தச் சின்ன வாவா யாருக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

பதில் வேண்டாம். நான் வேறெதுவும் கேட்கப் போவதில்லை. பெயரை அச்சகத்தில் நானே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுத்தேன்.

உன் மிரெயா


பரஹோனா
16 ஜூன் 2013

என் அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானையும் பார்த்துக்கொள். அவரிடம் இதைப் படித்துக் காட்டு.

நேற்று விழா. மண்டபம் நிறைந்து ஜன்னலிலும் ஆட்கள். படங்கள் எல்லாம் ஓடி முடிந்தன, சிரிப்பும் விசிலும்தான். அப்புறம் டார்லின் ஏறினாள். நிமிர்ந்து நின்றாள். 'இன்னொன்று வரும்' என்ற இடத்தில் நீ சொன்னபடியே மெதுவாகச் சொன்னாள். சிரிக்கத் தயாராக வந்திருந்த கூட்டம் அது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு மீன்காரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிறகு அறிவிப்பாளர் வாசித்தார்: "எழுதியவர், சிசா தொவாகிசா அல்பான்!"

யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவர் மறந்துவிட்டார் போல. கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டார்: "சிசா தொவாகிசா அல்பான்! வந்திருக்காங்களா?"

வகுப்பில் கூட்டாளி மட்டம் போட்டால் இந்த வாலுகள் என்ன செய்யும் என்று ஆசிரியை உனக்குத் தெரியாதா? வருகைப் பதிவில் அவன் பெயர் வந்ததும் வேறொருவன் குரலை மாற்றிக் குரல் கொடுப்பான். அதே வேலையை இங்கேயும் செய்தார்கள். முழு வகுப்பும், ஒரே குரலில், மண்டபம் அதிரக் கத்தினார்கள்:

"உள்ளேன் டீச்சர்!"

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர்களுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சத்தியமாக. ஆனால் யஹைராவிடம் மறைக்க முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, "அம்மா, அவ பேர்லயும் கடைசியில நம்ம அல்பான் இருக்கே?" என்று பிடித்துக்கொண்டாள். "உன் பெரியம்மா பொண்ணு," என்றேன். வாயில் வந்துவிட்டது. "உன் வயசுதான்."

அவ்வளவுதான், முகம் கோணிவிட்டது. "எனக்கு ஒரு அக்கா தங்கச்சி இருக்கான்னு ஏன் யாரும் சொல்லல? அவளுக்கு மட்டும் ஊரே கைதட்டுது. நான் வருஷம் பூரா கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சேன், எனக்கு யார் தட்டினா?" என்று பொருமினாள். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவ என்னைவிட உயரமா?" என்பது. இப்போது அடுத்த அறையில் உட்கார்ந்து ஒரு கவிதை எழுதிக்கொண்டிருக்கிறாள். சிசாவுக்கு அனுப்பி, யார் எழுதினது நல்லா இருக்கு என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கப் போகிறாளாம்.

உண்மை என்னவென்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். நான் சொல்ல மாட்டேன் அக்கா, அது என்னுடையது இல்லை. கவிதை அடுத்த தபாலில் வரும். முகவரி உன் வீடுதான் என்று சொல்லியிருக்கிறேன். பதிலை நீ எழுது.

பிரியமுள்ள தங்கை
மிரெயா